கை நனைக்காத மாப்பிள்ளை

நான் ஒரு கோழை. இதை எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் என் வீட்டிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். வலி வந்துவிட்டால் எப்படியோ பொறுத்துக்கொள்வேன். வரப்போகிற வலிதான் எனக்கு ஆகாது. நாளைக்கு வலிக்கும் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், இன்றைக்கே படுத்துவிடுவேன்.

போன மாதம் என் மகள் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டு வந்தாள். டாக்டர் அவளிடம் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். சிகிச்சையின்போது என்னென்ன நடக்கும், பிறகு என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. உதடு மரத்துப்போகும், கன்னம் லேசாக வீங்கலாம், சில மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எல்லாம் சரிதான். கல்யாணம் நின்றுபோகலாம் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். அங்கும் இல்லை.

நான் பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டது அறுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு இருபத்து நாலு வயது. தென்காசியில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க் உத்தியோகம். படிய வாரிய கிராப்பு, கையில் அப்பா விட்டுப்போன கடிகாரம், மனதில் என்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம். அப்பா முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கு அவள் தம்பி பரமசிவம் மாமா சொன்னதுதான் சட்டம். மாமா மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. எதையும் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்.

எனக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது ஸ்டுடியோவில் கொண்டுபோய் ஒரு போட்டோ எடுத்தார்கள். அந்தக் காலத்து மாப்பிள்ளை போட்டோக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லோரும் சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் பல் தெரியச் சிரித்தேன். "வாய மூடுங்க தம்பி, பொண்ணு வீட்டுக்குப் போற படமுல்லா?" என்று ஸ்டுடியோக்காரர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. (அழகன் என்கிற நினைப்பு!) அந்தப் படம் இலஞ்சியில் ஒரு வீட்டுக்குப் போயிற்று. பெண்ணுடைய அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பையனுக்குப் பல்வரிசை நல்லாருக்கே" என்று சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். அதன் பிறகு நான் தெருவில் நடக்கும்போதுகூட வாயை முழுசாக மூடியதில்லை.

வினை அந்தப் பல்வரிசையில்தான் வந்தது. மேலே, இடது பக்கம், கோரைப்பல்லுக்கு அடுத்த பல். முதலில் பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு காப்பி பட்டால். பிறகு எதுவும் படாமலே. அம்மா கிராம்பை நசுக்கி வைத்தாள். ஆபீஸில் ஒருவர் உப்புக்கல் என்றார், இன்னொருவர் புகையிலை என்றார். (புகையிலை வைத்ததில் பல்வலி மறந்துபோனது, ஏனென்றால் தலை சுற்றி மேசைக்கடியில் கிடந்தேன்.) மாமா வழக்கம்போல முடித்தார்.

"புடுங்கிப் போடுலே."

"போட்டோவுல இருக்க பல்லு நேர்ல இல்லன்னா இலஞ்சிக்காரங்க என்ன நெனப்பாக மாமா?"

மாமா யோசித்தார். மாதிரிக்குக் காட்டிய வற்றலும் மூட்டையில் அனுப்பிய வற்றலும் வேறு வேறாக இருந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அதுவுஞ் செரிதான்" என்றார்.

அம்மாவின் கவலை வேறு மாதிரி. "எய்யா, பல்லுவலின்னு இலஞ்சிப் பக்கம் மூச்சு விட்றாத. இந்த வயசுலயே பல்லு சொத்தைன்னா, உள்ள இன்னும் என்னென்ன சொத்தையோன்னு நெனச்சிருவாக."

குற்றாலத்தில் அப்போது சாரல் ஆரம்பித்திருந்தது. சீசன் மாதங்களில் திருவனந்தபுரத்துப் பல் டாக்டர் ஒருவர் அங்கே வந்து, ஒரு பங்களாவின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தியம் பார்ப்பார். பல்லைப் பிடுங்காமலே வலியை நிறுத்துகிறார் என்று ஆபீஸில் சொன்னார்கள். வீட்டில் சொன்னேன். "பல்லுக்குன்னு தனியா ஒரு டாக்டரா? அப்ப நகத்துக்கு யாருலே பாக்கா?" என்றார் மாமா. அதனால் யாருக்கும் தெரியாமல், அருவியில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் துண்டும் கையுமாகக் கிளம்பினேன்.

டாக்டர் நல்ல மனிதர். வேட்டிக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நோயாளிக்கு என்னென்ன நடக்கப் போகிறது என்பதை ஒன்று விடாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னால் பயம் போய்விடும் என்பது அவர் கட்சி. என்னைப் போன்ற ஆளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

"ஆத்யம் பல்லைத் தொறக்கும்" என்று ஆரம்பித்தார். "உள்ளே ஞரம்பு உண்டு. அதின் மேலே லேசம் பாஷாணம் வைக்கும். ஒரு வாரத்துல ஞரம்பு சாகும்."

"பாஷாணமா?"

"பேடிக்க வேண்டா. ஞரம்புதான் சாகும். நிங்ஙள் சாகாது."

அதற்குப் பிறகும் அவர் வெகுநேரம் பேசினார். உதடு அசைந்தது தெரிந்தது. பாஷாணம் என்ற சொல்லுக்கு அப்புறம் என் காதில் எதுவும் ஏறவில்லை.

பல்லைத் துளைக்கிற இயந்திரம் தையல் மிஷின் மாதிரி காலால் மிதிப்பது. டாக்டர் ஒரு காலில் நின்றுகொண்டு மறுகாலால் மிதிப்பார். பேச்சில் உற்சாகம் வந்தால் மிதி மெதுவாகும், பல்லுக்குள் கரகர என்று அரைக்கும். பேச்சை நிறுத்தினால் வேகம் பிடிக்கும், புகை நாற்றம் வரும். அவர் பேச வேண்டுமா பேசக் கூடாதா என்று முடிவுக்கு வர முடியாமல் நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மருந்தை வைத்து அடைத்து, "அடுத்த ஞாயிறு கட்டாயம் வரணும். இது கூடுதல் நாள் உள்ளே கெடக்கப்படாது, எலும்பையும் கேடாக்கும்" என்றார். இது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

அந்த ஒரு வாரம் நான் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா? தண்ணீர் குடித்தால் தலையை வலது பக்கம் சாய்த்துக் குடித்தேன். சோற்றை வலது கடவாயிலேயே மென்று அந்தப் பக்கமாகவே விழுங்கினேன். வலி அடியோடு போய்விட்டது. வலி போனதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நரம்பு முதலில், அடுத்தது நான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாமா வந்தார். இலஞ்சியில் பெண் பார்க்க நாள் குறித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

அதே ஞாயிற்றுக்கிழமை. டாக்டரைத் தள்ளிப்போட்டால் எலும்பு போய்விடும், பெண் பார்ப்பதைத் தள்ளிப்போடக் காரணம் சொல்ல முடியாது. மத்தியானத்துக்குள் பல்லை முடித்துக்கொண்டு நேராக இலஞ்சிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில்தானே இலஞ்சி இருக்கிறது!

மாமா உட்கார்ந்து விதிமுறைகளைச் சொன்னார். "நானும் ஒங்கம்மாவும் போன மாசம் போயி பொண்ணப் பாத்துட்டு வந்தோமா? ஒரு வாய் தண்ணி குடிக்கல. கை நனைச்சுட்டா சம்மதம்னு ஆயிரும். இப்ப நீ பாக்கணும். புடிச்சிருந்தா தட்டுல வச்சத எடுத்து வாயில போடு. புடிக்கலன்னா 'இப்பந்தான் சாப்ட்டோம், பொறவு பாப்போம்'னு சொல்லிட்டு எந்திரிச்சிரு. வேற பேச்சே கெடையாது. வெளங்குதா?"

"வெளங்குது மாமா."

"பொண்ணோட அப்பா ஆறுமுகம் அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளு இல்ல. தோப்பு, வயலு, ரெண்டு சோடி மாடு. சுத்துப்பட்டுல யாரு மாடு வாங்கப் போனாலும் அவரத்தான் கூட்டிட்டுப் போவாக. ஒரு பார்வையில எடை போட்டுருவாரு. நீ ஒழுங்கா இருந்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் டாக்டர் வீட்டு வாசலில் நின்றேன். எனக்கு முன்னால் சீசனுக்கு வந்த குடும்பம் ஒன்று முழுசாக உட்கார்ந்திருந்தது. தாத்தா முதல் பேத்தி வரை ஆறு பேர், ஆளுக்கு ஒரு பல். என் முறை வரும்போது மணி ஒன்றே கால்.

"இன்னைக்கு செத்த ஞரம்பை எடுக்கும். வேதனையே உண்டாகாது" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"ஊசி போட்டுருங்க டாக்டர்."

"ஊசி எதுக்கு? ஞரம்பு செத்தாச்சு."

"செத்ததுன்னு எப்படி உறுதியாத் தெரியும்? ஊசி போட்டுருங்க."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். போட்டால் உதடும் கன்னமும் வெகுநேரம் மரத்துக் கிடக்கும், தேவையில்லை என்றார். நான் நாற்காலியைவிட்டு இறங்கப் போகிற மாதிரி காலை எடுத்துக் கீழே வைத்தேன். மனிதர் பெருமூச்சு விட்டு ஊசி போட்டார். (இந்தக் கதையில் வேறு யார்மீதும் குற்றமில்லை என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.) சிறிது நேரத்தில் என் முகத்தின் இடது பாதி என்னுடையதாக இல்லை. மூக்கின் ஒரு பக்கம்கூடக் காணாமல் போய்விட்டது.

அவர் ஒரு மெல்லிய முள்ளுக் கம்பியைப் பல்லுக்குள் விட்டுத் திருகி இழுத்தார். வெளியே நூல் மாதிரி ஒன்று வந்தது. "கண்டோ? இவன்தான் நிங்ஙளை இத்தனை நாள் கஷ்டப்படுத்தினது" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கழுவினார், மருந்தில் நனைத்த பஞ்சை வைத்தார், கிராம்புத் தைலம் மணந்தது, மேலே வெள்ளையாக எதையோ வைத்து அப்பினார். "மூணு மணிக்கூர் ஒண்ணும் திங்கப்படாது, குடிக்கப்படாது. அடைச்சது எளகிரும். மரப்பும் மாறணும். அஞ்சு மணிக்கு மேலே எதுவும் ஆகலாம்."

மணி இரண்டு. ஐந்து மணி வரைக்கும் எதுவும் தின்னக் கூடாது. தின்றால் அடைப்பு இளகிவிடும். இளகினால் உள்ளே இருக்கிற பாஷாணம் வயிற்றுக்குள் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டர் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அருவியில் குளித்ததற்கு அத்தாட்சியாக வழியில் ஓடையில் தலையை நனைத்துக்கொண்டு இலஞ்சிக் கோயில் வாசலுக்குப் போனேன். அம்மாவும் மாமாவும் குதிரை வண்டியில் வந்து காத்திருந்தார்கள்.

"ஏன்யா, மூஞ்சி ஒரு பக்கமா இருக்கு?" என்றாள் அம்மா.

"அருவி அடிச்சிட்டு" என்றேன். அதாவது சொல்லப் பார்த்தேன். மேலுதடு ஒத்துழைக்காததால் காற்றும் எச்சிலும்தான் வந்தன. நல்லவேளையாக மாமாவே பொருள் சொல்லிவிட்டார். "தண்ணி கூடுதலா விழுதுல்லா. மூஞ்சியக் கொண்டா குடுப்பான், முதுகக் குடுக்காம? சரி, அங்கன வந்து வாயத் தொறக்காத. பேசாம இருந்தாத்தான் மாப்பிள்ளைக்கு மதிப்பு."

எனக்கு அதைவிட நல்ல யோசனை வேறு என்ன வேண்டும்?

பெண் வீட்டில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஆறுமுகம் அண்ணாச்சி ஓங்குதாங்கான ஆள். மீசைக்கு மேல் இருந்த இரண்டு கண்ணும் என் பாதத்தில் ஆரம்பித்துத் தலை வரைக்கும் வந்து திரும்பிப் போயின. பக்கத்தில் போட்டோவைப் பாராட்டிய அத்தை. என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமாவே பதில் சொன்னார். என் சம்பளம், என் சுபாவம், எனக்குப் பிடித்த குழம்பு எல்லாம் அவர் வாயிலிருந்தே வந்தன. நான் கண்ணியமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, இடது கடவாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டிருந்தேன். அவ்வப்போது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அது நகர்கிற வழியாக இல்லை.

நாலு மணிக்குப் பெண் வந்தாள். பெயர் செண்பகம். கையில் காப்பித் தட்டு. தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தாள். டம்ளரை என் முன்னால் வைக்கும்போது மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள். பயமில்லாத பார்வை. கூடவே, என் முகத்தில் ஏதோ வேடிக்கையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். அவ்வளவுதான். எனக்கு இவள்தான் என்று தோன்றிவிட்டது. அதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. இவளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அத்தை தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். அல்வா, முந்திரிக்கொத்து, காராச்சேவு.

"எடுத்துக்கிடுங்க தம்பி" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் என் வலது கையைப் பார்த்தார்கள். தின்றால் பெண் கிடைக்கும், பாஷாணம் உள்ளே போகும். தின்னாவிட்டால் உயிர் தங்கும், பெண் போய்விடும். ஐந்து மணிக்குத் தின்னலாம், ஆனால் நாலரைக்கு ராகு காலம். கை தட்டு வரைக்கும் போயிற்று. அப்படியே திரும்பி மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மாமா என் காதருகே குனிந்தார். "ஏலே, பொண்ணு புடிச்சிருக்கா?"

பலமாகத் தலையாட்டினேன்.

"அப்பத் தின்னு."

முடியாது என்று கையை விரித்தேன்.

"புடிச்சிருக்கு, ஆனா திங்க மாட்டியா? என்னலே புதுக் கூத்தா இருக்கு? காப்பியாவது குடிச்சித் தொலை. அதுவும் கை நனைச்ச மாதிரிதான்."

காப்பி பரவாயில்லை என்று பட்டது. வலது பக்கம் சாய்த்து ஒரு வாய் குடித்தால் பாஷாணத்துக்குத் தெரியாது. டம்ளரை எடுத்து, தலையைச் சாய்த்து, நிதானமாகக் குடித்தேன். நல்ல காப்பி என்பதைக் காட்ட மாமனாராகப் போகிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். ஏன் எல்லோரும் என் சட்டையைப் பார்க்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் குனிந்து பார்த்தேன். குடித்த காப்பி முழுவதும் மரத்துப்போன பக்கமாக வெளியே வந்து, தாடை வழியாக இறங்கி, வெள்ளைச் சட்டையில் மார்பு வரைக்கும் பரவியிருந்தது. எனக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை.

"ஆத்தாடி!" என்று அத்தை வாயில் கையை வைத்தாள். "வாயி கோணிக்கிட்டுப் போவுதே! இது வாத ரோகமுல்லா! அண்ணே, நோயாளிப் பையனையில்லா கூட்டிட்டு வந்திருக்காக!"

"ஐயோ, எம்புள்ளைக்கு என்னாச்சு!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். மாமா முகம் அவருடைய சரக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்பது எனக்கே புரியவில்லை. அது அத்தையின் கட்சியைத்தான் பலப்படுத்தியது.

அண்ணாச்சி எழுந்தார். "வண்டிய வரச் சொல்லட்டுமா?" என்று மாமாவிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு உலகமே முடிந்துபோன மாதிரி இருந்தது.

"ஏட்டி, நீ உள்ள போ" என்றாள் அத்தை.

செண்பகம் போகவில்லை. "எப்பா" என்றாள். பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசுகிற வழக்கம் அப்போது கிடையாது. எல்லோரும் திரும்பினார்கள். "அவுக வாயத் தொறந்தப்பப் பாத்தேன், பல்லுல வெள்ளையா அடைச்சிருக்கு. கிராம்புத் தைலமும் மணக்குது. ரோகம்லாம் ஒண்ணுமில்ல, பல்லுக்கு என்னமோ செஞ்சிட்டு வந்திருக்காக."

அண்ணாச்சி என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "வாயத் தொறங்க தம்பி."

திறந்தேன். ஒரு கையால் தாடையைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மறுகையின் கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினார். பழக்கப்பட்ட கை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கீழ்வரிசையையும் விடவில்லை.

"வயசு சரியாத்தான் சொல்லிருக்காக" என்றார் பழக்கதோஷத்தில். பிறகு, "ஆமா, ஒரு பல்லுல ஓட்டை போட்டு வெள்ளையா அடைச்சிருக்கு" என்றார். அத்தை வந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் இப்படி ஆளாளுக்குப் பல் பார்க்கப்பட்ட மாப்பிள்ளை திருநெல்வேலி ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"பல்லு டாக்டர்ட்டயாலே போன?" என்று மாமா உறுமினார்.

எழுதிக் காட்டுகிறேன் என்று சைகை செய்தேன். செண்பகம் தன் பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலோடு கொண்டுவந்து வைத்தாள். நான் எழுதினேன். ஆபீஸில் ஐந்து வருடமாக எழுதுகிற கை, அதற்குத் தெரிந்தது ஒரே நடைதான்.

'ஐயா, இன்று மதியம் எனக்குக் குற்றாலத்தில் பல் வைத்தியம் நடைபெற்றது. அதனால் வாய் மரத்துள்ளது. மாலை ஐந்து மணி வரை எதுவும் உட்கொள்ளக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. எனவே தட்டைத் தொடாததைத் தவறாகக் கருத வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெண்ணை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சங்கரலிங்கம்.'

தாளை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மகளிடம் நீட்டினார். "நான் எழுத்துக் கூட்டி வாசிக்கதுக்குள்ள ராகு காலம் வந்துரும். நீ வாசிம்மா."

அவள் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கிற மாதிரி கணீரென்று வாசித்தாள். பல் வைத்தியம், மரத்த வாய், டாக்டர் உத்தரவு, பணிவான வேண்டுகோள் எல்லாம் வந்தது. அங்கே கொஞ்சம் நின்றாள். பிறகு, "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள, சங்கரலிங்கம்" என்று வாசித்து, தாளை நாலாக மடித்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?" என்றார் அண்ணாச்சி. "பொண்ணப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

எழுதியிருக்கிறேன்! அதை மட்டும் தாண்டிவிட்டாள். ஏன்? வெட்கமா? இல்லை, என்னைப் பிடிக்காமல் நைசாகக் கழற்றிவிடுகிறாளா? காப்பியைச் சட்டையில் குடிக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் முகத்தைப் பார்த்தேன். கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு இருபத்தேழு.

நான் கோழை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அப்படி இல்லை. செத்தாலும் கை நனைத்துவிட்டுச் சாவது என்று முடிவு செய்து, தட்டில் இருந்ததிலேயே பெரிய அல்வாத் துண்டை எடுத்து வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். அல்வாவை மட்டுமா மென்றேன்? மரத்துக் கிடந்த உதட்டையும் சேர்த்து மென்றிருக்கிறேன், தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா அலறிக்கொண்டிருந்தாள். தாடையில் நெய்யும் ரத்தமும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் இன்னொரு துண்டு எடுத்தேன்.

"போதும், போதும்! நிறுத்தச் சொல்லுங்கப்பா, உதட்டத் தின்னுட்டிருக்காக!" என்று கதவோரத்திலிருந்து செண்பகம் கத்தினாள். கத்திவிட்டுச் சிரித்தாள். அடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அண்ணாச்சி மாமாவின் கையைப் பிடித்தார். "வெத்தலயக் கொண்டாங்க. பயலுக்கு மனசு உறுதியாத்தான் இருக்கு" என்றார்.

நான் சாகவில்லை. அன்று ஏழு மணி வரைக்கும் செத்துவிடுவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்காததால் சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு டாக்டரிடம் போனபோது அடைப்பும் பஞ்சும் அல்வாவோடு போயிருந்தன. நடந்ததைச் சொல்லி, பாஷாணம் எப்போது வேலை செய்யும் என்று நடுங்கிக்கொண்டே கேட்டேன்.

"பாஷாணமா? ஞான் போன ஞாயிறே அதை எடுத்துக் களைஞ்சல்லோ. நிங்ஙளோட விஸ்தாரமாச் சொன்னேனே, கேக்கலையா?" என்றார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். ஊசி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். துளிகூட வலிக்கவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பந்தியில் யாராவது "எனக்குப் போதும்" என்று இலையை மறித்தால், "என்ன, பொண்ணு புடிக்கலையா, பல்லு சரியில்லையா?" என்று யாராவது கேட்பார்கள். எண்பது வயதுக் கிழவரானாலும் விடமாட்டார்கள். போன வருடம் என் பேரனுக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட, வண்டியில் ஏறுமுன் அவனை வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

அந்தத் தாளை செண்பகம் தூக்கிப் போடவில்லை. பீரோவில் பட்டுச்சேலை மடிப்புக்குள் இருக்கிறது. சொந்தக்காரர்கள் கூடினால் அதை எடுத்து வரச் சொல்லுவார்கள். அவளும் எடுத்துவந்து, அன்றைக்கு வாசித்த மாதிரியே கணீரென்று வாசிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஒரு வரி வருகிற இடத்தில் கொஞ்சம் நிற்பாள். பிறகு நேராக, "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று போய்விடுவாள். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதுவரை ஒரு தடவை வாசித்ததில்லை.

போன தீபாவளிக்கு எல்லோரும் கலைந்துபோன பிறகு, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "ஏன் செண்பகம், அன்னைக்கு அந்த வரிய ஏன் வாசிக்காம விட்ட? எனக்கு உயிரே போச்சே."

அவள் தாளை நாலாக மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மத்ததெல்லாம் எங்கப்பாவுக்கு எழுதினது. அது எனக்குல்லா எழுதினீக. அத நான் எதுக்கு ஊருக்கு வாசிக்கணும்?"